பச்சைப் பொட்டு அட்டை

ஒரகடத்தில் காருக்கான வயர்களைக் கோத்துக் கட்டும் கம்பெனியில் நான் லைன் லீடர். முப்பது பெண்கள் என் கீழே. நல்ல மனுஷி என்று யாரும் என்னைச் சொன்னதில்லை, வாய் நீளம் என்றுதான் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் சம்பளமில்லாமல் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கக் கிளம்பியது எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது.

படப்பையில் எங்கள் சர்ச்சுக்கு ஒரு தொண்டு அமைப்பிலிருந்து வந்திருந்தார்கள். மனசு சோர்ந்துபோனவர்கள் உடம்பை அசைத்தால் கொஞ்சம் தேறுவார்கள், நடத்த ஆள் வேண்டும் என்றார்கள். கையைத் தூக்கிவிட்டேன். இரண்டு நாள் பயிற்சி. முடியும்போது பயிற்சி கொடுத்த அம்மா சொன்னார்: "கையைக் காலை ஆட்ட வைக்கிறது பெரிசில்ல. யாருக்கு ரொம்ப முடியலையோ அவங்களைக் கண்டுபிடிச்சு டாக்டர்கிட்ட அனுப்பணும். அதான் உங்க வேலை."

வல்லம் வடகாலில் எங்கள் லைன் பெண்கள் தங்கியிருக்கும் ஹாஸ்டல் மொட்டை மாடியில், காலை ஷிப்டுக்கு பஸ் வருவதற்கு முன்னால் அரை மணி நேரம் நடத்தினேன். தூக்கக் கலக்கத்தோடு பன்னிரண்டு பேர் வருவார்கள்.

கடைசி வரிசையில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நிற்பாள். இருபது வயது இருக்கும். ஒருநாள் அவளோடு ஒரே ரூமில் இருப்பவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அவ தூங்கறதே இல்லக்கா. சோத்தையும் அப்பிடியே கொட்டிடறா. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா. நீ கொஞ்சம் பாத்துக்கயேன்."

அன்றிலிருந்து அந்த அரை மணி நேரமே எனக்கு அவளுக்காகத்தான்.

"இன்னாமா, தூங்கினியா?"

"தூங்குனேன்க்கா."

கண்ணைப் பார்த்தாலே பொய் என்று தெரியும். இதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதட்டிக் கேட்டுத்தான் பழக்கம்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. லைனில் ஒவ்வொரு டேபிளுக்கும் மேலே ஒரு விளக்கு உண்டு. பச்சை என்றால் வேலை ஓடுகிறது. மஞ்சள் என்றால் ஏதோ சிக்கல். சிவப்பு என்றால் முடியவில்லை, லைனை நிறுத்து என்று அர்த்தம். வாயால் சொல்ல வராதவள் கையால் சொல்லட்டும் என்று, ஃபேன்ஸி ஸ்டோரில் மூன்று நிறத்திலும் ஸ்டிக்கர் பொட்டு வாங்கினேன். பெரிய அட்டையில் எல்லார் பேரையும் எழுதி மாடிக் கதவில் மாட்டினேன். தினமும் வந்ததும் மனசு எப்படி இருக்கிறதோ அந்த நிறத்தில் ஒரு பொட்டு ஒட்ட வேண்டும்.

எல்லாரும் பச்சை ஒட்டினார்கள். அம்மா செத்துப் பதினைந்து நாள்கூட ஆகாதவள் பச்சை ஒட்டினாள். தென்காசிப் பெண்ணும் தினம் பச்சைதான், அதுவும் கோணாமல் நடுவில் அழுத்தி ஒட்டுவாள். அட்டையைப் போட்டோ எடுத்துப் பயிற்சி கொடுத்த அம்மாவுக்கு அனுப்பிப் பெருமையடித்துக்கொண்டேன். எனக்கு அதை நம்புவது வசதியாக இருந்தது. ஐந்து வாரம் நம்பினேன்.

ஆறாவது வாரம், லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் கை நின்றுவிட்டது. முன்னால் வயர் மலையாகக் குவிகிறது. அவள் அப்படியே நிற்கிறாள். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு ஊற்றுகிறது, சத்தமே இல்லை. சிவப்பு விளக்கைப் போடும் சுவிட்ச் அவள் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தலைக்கு மேலே பச்சை எரிந்துகொண்டிருந்தது.

மெடிக்கல் ரூம், அப்புறம் ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் அவள் அப்பா வந்துவிட்டார். கான்ட்ராக்ட் ஆள் என்பதால் வேலையும் அதோடு முடிந்தது. ஊரிலேயே டாக்டரிடம் காட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததை அவர் படிக்காமல் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். காட்ட மாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

அவர் ஆட்டோ பிடிக்கப் போன நேரத்தில் ஹாஸ்டல் கேட்டில் அவளிடம் கேட்டேன். "ஏம்மா, ஒரு நாளாவது சிவப்பு ஒட்டியிருக்கக் கூடாதா?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சேந்த மொத வாரம் லைன்ல ரெட் போட்டேன்லாக்கா. இன்னொரு வாட்டி போட்டா ஊருக்கு மூட்டை கட்டி அனுப்பிருவேன்னு நீங்கதான சொன்னிய."

கோபமே இல்லாமல் சொன்னாள். எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறேன்.

மறுநாள் காலை பதினோரு பேர் வந்தார்கள். "சிவப்பு ஒட்டுனா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். மரியாதைக்குச் சிரித்துவிட்டு ஆளுக்கொரு பச்சைப் பொட்டு ஒட்டினார்கள்.

அன்று பத்து மணிக்கு எட்டாவது டேபிளில் சிவப்பு எரிந்தது. டார்கெட் ஏற்கெனவே பின்தங்கியிருந்தது.

"யாரு அது ரெட் போட்டது?" என்று கத்திக்கொண்டே போனேன்.