பச்சை வளையம்

நான் குடிப்பவன் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்ட எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். பேய் பாதி ராத்திரியில், நாய் ஊளையிடும்போதுதான் வரும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்தது சாயங்காலம். ஆறரை மணி. வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. ஹாலில் என் மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

பகலெல்லாம் பிரிண்டர் ரிப்பேர் பார்ப்பவன் நான். சாயங்காலமானால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆன்லைனில் கேம் ஆடுவேன். கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவன் குட்டி, என் மனைவியின் தம்பி. அவர்கள் அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் இவள்தான். அவனுக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது, தனியாக வீடு எடுத்துத் தங்கியிருக்கிறான். இன்னும் "அவன் சாப்பிட்டானா, கேட்டீங்களா?" என்று தினமும் என் உயிரை எடுப்பாள். இன்னொருவன் பல்லி. கேமில் எப்போதும் சுவரோடு ஒட்டி நின்றுதான் சுடுவான், அதனால் அந்தப் பெயர்.

அன்று புது ஹெட்செட். மாட்டிக்கொண்டு கேமுக்குள் போனேன்.

"மாமா, ஒண்ணுமே கேக்கல," என்றான் குட்டி. அவனுக்கு மூச்சு வாங்கியது. "இப்பதான் நாலு மாடி ஏறி வந்தேன். லிஃப்ட் இன்னும் ரெடியாகல. பெட்டி கீழயே கிடக்கு. கதவு மட்டும் கையால இழுத்தா திறக்குது. எட்டிப் பார்த்தாலே தலை சுத்துது."

"அண்ணன் லினக்ஸ்ல இருக்காரு. அவருக்கு மைக் வேலை செஞ்சாதான் ஆச்சரியம்," என்றான் பல்லி.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னைத் திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வேன், விண்டோஸுக்குப் பதில் நான் கம்ப்யூட்டரில் போட்டிருக்கும் லினக்ஸைச் சொன்னால் ஆகாது. 'இருடா, வர்றேன்' என்று டைப் அடித்துவிட்டு வேலையில் இறங்கினேன். வயரில் இருக்கும் மியூட் பொத்தான் சரியாகத்தான் இருந்தது. செட்டிங்ஸில் சரியான மைக்கைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். ஒலி அளவும் முழுசாக ஏறியிருந்தது. கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, ஒலிச் சேவையை ஒருமுறை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். பிறகு சோதித்துப் பார்க்க ஐந்து நொடி பதிவு செய்தேன்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு."

ஓட்டிக் கேட்டேன். ஒன்று இல்லை. இரண்டு இல்லை. மூன்றும் இல்லை. வெறும் இரைச்சல். கடைசி நொடியில் மட்டும் ஒரு குரல்.

"நாலு."

என் குரல்.

நான் மூன்றோடு நிறுத்தியிருந்தேன். ஏதோ பழைய பதிவின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கு முன் நான் எதையும் பதிவு செய்ததே இல்லை, இதில் என்ன பழைய பதிவு? அது அப்போது உறைக்கவில்லை.

மணி 6:52. வாய்ஸ் சாட்டில் யார் பேசினாலும் அவர் படத்தைச் சுற்றி ஒரு பச்சை வளையம் எரியும். பேச்சு நின்றால் அணையும். "ஹலோ, ஹலோ" என்று நான் கத்திப் பார்த்தேன். என் வளையம் எரியவில்லை. அலுத்துப்போய் வாயை மூடினேன்.

எரிந்தது.

"ஆ, இப்ப கேக்குது மாமா! சூப்பர்!" என்றான் குட்டி.

நான் பேசவே இல்லை...

"டேய், நான் பேசலடா!" என்றேன். வளையம் அணைந்தது. வாயை மூடினேன். எரிந்தது.

நம் மைக்கில் போவது நமக்கே கேட்காது. அவர்கள் சொல்லும் பதில் மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"நெஜமாவா? என் வீட்டுக்கா வர்றீங்க?" குட்டியின் குரலில் அவ்வளவு சந்தோஷம். "ஓ, போன்லேருந்து பேசுறீங்களா! அதான் தெளிவா இருக்கு."

அவசர அவசரமாக டைப் அடித்தேன். 'அது நான் இல்ல. நான் வீட்லதான் இருக்கேன்.'

வளையம் எரிந்தது. சில நொடிகள்...

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அக்காவா உங்க கம்ப்யூட்டர்ல டைப் பண்றா? அக்கா, போய்த் துணிய மடிக்கிற வேலையைப் பாரு!" என்றான் குட்டி.

அவள் துணி மடித்துக்கொண்டிருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

ஹெட்செட்டில் மைக்குக்கான முனையை மட்டும் கம்ப்யூட்டரிலிருந்து உருவினேன்.

வளையம் எரிந்தது.

"லிஃப்ட் சரியாயிடுச்சா? அட... ஐயோ, உள்ள மாட்டிக்கிட்டீங்களா? இருங்க மாமா, பயப்படாதீங்க. இதோ வந்து கதவை இழுக்கறேன்."

நாற்காலி நகரும் சத்தம். செருப்புச் சத்தம். அவன் ஹெட்செட்டுக்கு வயர் கிடையாது. காதில் மாட்டிக்கொண்டே நடந்தான்.

அவனுக்குப் போன் போட்டேன். ரிங் போனது. அவனுக்குப் பின்னால் எங்கோ அது அடிப்பது எனக்கே கேட்டது. மேசைமேல் விட்டுவிட்டுப் போகிறான்...

"குட்டி, போகாதடா! குட்டி!" தொண்டை கிழியக் கத்தினேன்.

"இருட்டா இருக்கு மாமா. பல்பு போயிடுச்சு."

கிரீச்... கதவு.

"கையை நீட்டுங்க."

கம்ப்யூட்டர் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். திரை அணைந்தது. காதில் ஒன்றும் இல்லை.

பல்லிக்குப் போன் போட்டேன். எடுத்தான்.

"அவனை நிறுத்துடா! நான் வீட்ல இருக்கேன்!"

அவன் மெதுவாக...

"அண்ணே... அப்ப வாய்ஸ் சாட்ல இன்னும் பேசிட்டு இருக்கறது யாரு?"

மணி 7:04.

குட்டி நாலாவது மாடியிலிருந்து விழுந்தான். கீழே நின்ற லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் கிடந்தான். ஒரு கை முன்னால் நீட்டியபடியே இருந்தது என்று அவனை வெளியே எடுத்த மெக்கானிக் சொன்னார். பல்லி அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை.

என் மனைவி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. துக்கம், ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் தாங்க முடியாமல் அவள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வளையம், நான் டைப் அடித்தது, வயரைப் பிடுங்கியது, எல்லாம். "போகாதேன்னு கத்தினேன். என் தொண்டையே கிழிஞ்சுபோச்சு. உனக்குக் கேட்டிருக்குமே," என்று அழுதேன்.

அவள் அழவில்லை.

"கதவு சாத்தியிருந்துது. ஆனா எனக்கு எல்லாம் கேட்டுது," என்றாள். "நீங்க கத்தவே இல்ல. 'வாடா குட்டி, இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரே ஒரு அடி'ன்னு கொஞ்சிக்கிட்டிருந்தீங்க. கேம்லதான் ஏதோ சொல்றீங்கன்னு நானும் துணிய மடிச்சுக்கிட்டிருந்தேன்."



"அது போகட்டும்," என்றாள். "அதுக்கப்புறம் ஏன் அவ்வளவு நேரம் சிரிச்சீங்க?"