கண்ணை மூடிய டிராம்போன்காரர்

என் மாப்பிள்ளை அழைப்புக்கு ஆவடியிலிருந்து வந்த பேண்டு மாஸ்டருக்குத் தலையில் ஜரிகைத் தொப்பி, காலில் ரப்பர் செருப்பு. இழுத்து நீட்டி ஊதும் டிராம்போனை வாயில் வைத்ததும் கண்ணை மூடிவிடுவார்.

ஊர்வலம் கிளம்பும் முன், “எப்படி மாஸ்டர் ஆனீங்க?” என்று கேட்டேன்.

“பின்னால நின்னு ஊதுனா முன்னால கீறவன் முதுவுல இடிக்குது நைனா. அதான் என்னை முன்னால உட்டானுங்கோ. முன்னால போறவன்தானே மாஸ்டரு!”

வானகரத்தில் அடுத்தடுத்து இரண்டு மண்டபங்கள். எங்களுடையது இரண்டாவது. மாஸ்டர் ஊதிக்கொண்டே முதலாவதற்குள் திரும்பினார். பேண்டு திரும்பியது, சொந்தக்காரர்கள் திரும்பினார்கள், நான் மாலையோடு உட்கார்ந்திருந்த காரும் திரும்பியது.

எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் படத்தில், யாரோ ஒருவருடைய மாமியார் வாய் நிறையச் சிரித்தபடி எனக்கு ஆரத்தி எடுக்கிறார். பக்கத்தில் மாஸ்டர், இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.