வள்ளி குகை வீடியோ

சங்கரபாண்டி அண்ணாச்சி செத்துப்போனார். நேற்று காலையில், மாரடைப்பு.

டவுண் ரத வீதியில் நான் முன்பு வேலை பார்த்த ஜவுளிக்கடையில் அவர்தான் சூப்பர்வைசர். அவருக்குக் கீழே வருஷக்கணக்காகச் சேலை விரித்துப் போட்டிருக்கிறேன்.

நேற்றிலிருந்து ஃபேஸ்புக்கைத் திறந்தாலே அவர்தான். "எல்லாரையும் சிரிக்க வைத்த மனிதர்", "கலகலப்பின் மறுபெயர்"... எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். கூடவே அந்த வள்ளி குகை வீடியோவையும் போடுகிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதிவு.

செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்கிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஒரு வருஷம் ஆடித் தள்ளுபடி முடிந்து கடைக்கு ஒருநாள் லீவு. "பட்ஜெட் டூர்" என்று சொல்லி அண்ணாச்சி எங்கள் ஆறு பேரைத் திருச்செந்தூருக்குக் கிளப்பினார். பாசஞ்சர் ரயிலில் போய், கடலில் குளித்து, வள்ளி குகை பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று திட்டம்.

பட்ஜெட் எப்படி என்றால்... புளிச்சோறு கட்டி வந்தது நான். தண்ணீர்க் கேனைச் சுமந்தது கொம்பையா. அண்ணாச்சி கொண்டுவந்தது ஒரு துண்டு.

கொம்பையா எங்கள் கடையில் பண்டல் இறக்குகிறவன். தாட்டியான உடம்பு, பேச்சு மட்டும் பைய வரும். (இது அவன் நிஜப் பெயர் இல்லை. தெரிந்தவர்கள் கமெண்டில் வந்து புத்திசாலித்தனத்தைக் காட்ட வேண்டாம்.)

ஜங்ஷனில் ரயில் நிற்பதற்குள் அண்ணாச்சி துண்டை ஜன்னல் வழியாக வீசி எங்களுக்கு இடம் பிடித்துவிட்டார். பாளையங்கோட்டையில் கைப்பிள்ளையோடு ஏறின ஒருத்தி, "கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்" என்று கேட்டாள். பக்கத்தில் விரித்திருந்த துண்டைக் காட்டி, "துண்டு உக்காந்திருக்கு தாயி. அது எந்திரிச்சா சொல்லுதேன்" என்றார்.

பெட்டியே சிரித்தது. எழுந்து இடம் கொடுத்தவன் கொம்பையா.

கடலில் முங்கி எழுந்ததும் அண்ணாச்சியின் காதோரம் கறுப்பாக ஒழுக ஆரம்பித்தது. காலையில் அவசரமாக அடித்துக்கொண்டு வந்த தலைச்சாயம். அவருக்கு முகமே செத்துவிட்டது.

கொம்பையா தன் துண்டைக் கொடுத்து, கரையில் நின்றவர்களுக்குத் தெரியாதபடி அவரை மறைத்துக்கொண்டு நின்றான். "தொடைச்சிக்கோங்க அண்ணாச்சி. யாரும் பாக்கல" என்றான். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஒருத்தரும் போனை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் குகை.

உள்ளே போக ஆம்பளைகள் சட்டையைக் கழற்ற வேண்டும். கொம்பையாவின் சட்டை என் கையில் இருந்தது. குனிந்து குனிந்து போகிற வழி... முன்னாலும் பின்னாலும் கூட்டம். பாதியில் அவனுக்கு மூச்சு முட்டிவிட்டது. அப்படியே உட்கார்ந்து, "என்னய வெளிய விடுங்க... அம்மா, என்னய வெளிய விடுங்க" என்று அழுதான்.

முன்னால் போன அண்ணாச்சி திரும்பினார். கை கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். வேட்டி மடியில் ஒளித்து வைத்திருந்த போனை எடுத்தார்.

"வள்ளிய மிரட்ட யானை வந்துட்டு வே. யானை அழுவுது, எல்லாரும் பாத்துக்கோங்க."

தம்பி முருகனுக்காகப் பிள்ளையார் யானையாக வந்து வள்ளியை மிரட்டின கதையில் அவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

திரும்பி வரும்போது ரயில் ஸ்ரீவைகுண்டம் தாண்டுவதற்குள், பிளிறல் சத்தமெல்லாம் சேர்த்து வீடியோ ஊருக்கே போய்விட்டது. "தமாசு லே. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குத" என்று அவனிடமே காட்டினார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுவாரம் கடைக்கு வந்தவர்களெல்லாம் "யானை எங்க?" என்று கேட்டார்கள். அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டில், "நாலு பேர் முன்னால அழுத மாப்பிள்ளைக்கு எப்படிப் பொண்ணு குடுக்க?" என்று விலகிவிட்டார்கள். அவன் வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்குப் போனான்.

வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று நான் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். "ஏட்டி, எத்தன லைக்கு விழுந்திருக்குன்னு பாத்தியா நீ?" என்றார்.

இந்த மனிதர்தான் உங்கள் கலகலப்பின் மறுபெயர்... நல்லா இருங்க.

கொம்பையாவுக்கு மறுபடியும் ஒரு பெண் அமைந்திருக்கிறாள். தை மாதம் கல்யாணம். அவர்கள் வீட்டில் அந்த வீடியோவை யாரும் பார்த்ததில்லை. இனி பார்ப்பார்கள். அஞ்சலி என்று போட்டு, ஊர் பூராவும் டேக் பண்ணியிருக்கிறீர்களே.

இன்று காலை அவன் போன் பண்ணினான்.

"அண்ணாச்சி போயிட்டாவளாமேக்கா. வரணும்னுதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். பெறவு திரும்பிட்டேன். துஷ்டி வீட்டுல என்னயப் பாத்தா எல்லாரும் போனத்தான எடுப்பாவ?"

நான் போகப்போகிறேன் என்றேன்.

"எனக்காவ ஒரு மாலை மட்டும் போட்டுருங்கக்கா."

போனேன். பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நம் கடைப் பையன்கள் இரண்டு பேர் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளிறல் சத்தம் வாசல்வரை கேட்டது. அழியுங்கள் என்றேன். "அண்ணாச்சி ஞாபகமா இருக்கட்டும்க்கா" என்றான் ஒருத்தன். நல்ல ஞாபகம்.

ஒரு மாலைதான் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதைப் போட்டுவிட்டு வந்தேன். அது கொம்பையாவுடையது. என்னுடையதாக ஒரு பூகூட அங்கே இல்லை.

வீடியோவைப் போட்டவர்கள் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். எடுக்க மனசில்லாதவர்கள் என் நட்பிலிருந்து விலகிக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

போய்ச் சேருங்க, அண்ணாச்சி. உங்க துண்டையும் எடுத்துக்கிட்டு, அந்த வீடியோவையும் எடுத்துக்கிட்டு.