மானேஜர் அனுப்பிய மெழுகுவத்தி

தம்பி ஜெயித்ததையெல்லாம் அக்கா விரல்விட்டு எண்ணினால் இப்படி வரும். மெழுகு காய்ச்சவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்ற வீட்டுக்காரரிடமிருந்து பின்பக்கத் தாழ்வாரம். பரிசுப்பொருள் கடையில், வெளிநாட்டுச் சரக்கு மினுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே, வாசலுக்கு நேரான நடு அலமாரி. ஒருமுறை வாங்கியவர்களை மறுமுறையும் வரவைக்கும் வித்தை. பல் டாக்டரின் நாற்காலிக்குப் பயந்து உட்கார்ந்திருப்பவர்களின் முழுக் கவனம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன், எந்த வேலையிலும் நிலைக்காதவன், இத்தனையையும் ஜெயித்தான். ஆனால் எதையும் தன் பெயரில் ஜெயிக்கவில்லை. அக்காவுக்கு அந்த ஒரு குறைதான்.

அவனை எல்லோரும் ‘வத்தி’ என்றுதான் கூப்பிடுவார்கள். மெழுகுவத்தி செய்ததால் வந்த பெயர் அல்ல. இங்கே ஒரு வார்த்தை, அங்கே ஒரு வார்த்தை போட்டுவிட்டு, பற்றிக்கொண்டதும் பச்சைப்பிள்ளை மாதிரி தள்ளி நின்று வேடிக்கை பார்க்கும் குணம் சின்ன வயதிலேயே அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்திருந்தது. மெழுகு பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

இன்னொரு கைவேலையும் அவனுக்கு உண்டு. யார் கையெழுத்தையும் ஒருமுறை பார்த்தால் போதும், அச்சாகப் போடுவான். மதிப்பெண் அட்டையில் அவன் போட்ட அப்பாவின் கையெழுத்தை அப்பாவிடமே காட்டியபோது, “நான் போட்டதுதானே, என்ன இப்போ?” என்றார். வகுப்பில் பாதிப் பேருக்கு அவன்தான் அப்பா. ஆனால் தன் கையெழுத்தை மட்டும் அவன் போட்டதே இல்லை. வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வாசலில் வரும் பார்சல் எல்லாமே அக்கா பெயரில். கேட்டால், “பேரைப் போட்டா மாட்டிக்குவோம்க்கா. பேர் இல்லாதவனை யார் பிடிக்க முடியும்?” என்பான்.

அக்கா தையல்காரி. அரை நூல் பிசகினாலும் பிரித்துத் தைப்பவள். அவளுடைய தையல் மேசைக்குப் பின்னால்தான் அவன் முதல் மெழுகுவத்தி பிறந்தது. பிறந்தது என்று சொல்வதா, செத்துப் பிறந்தது என்று சொல்வதா என்று அவளுக்கு இன்றைக்கும் சந்தேகம். சட்டிக்குள் நேராக மெழுகைப் போட்டு அடுப்பில் வைத்தான், அது புகைந்தது. நிறத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளின் கிரேயானைக் கரைத்துவிட்டான். அது திரியை அடைத்துக்கொண்டு பாதியில் அணைந்தது. திரிக்கு அக்காவின் தையல் நூலை எடுத்திருந்தான். அது பற்றின வேகத்தில் மெழுகுக்குள் மூழ்கிப்போனது. போதாக்குறைக்கு நடுவில் குழி விழுந்தது.

“என்னடா இது, மெழுகுக்குத் தொப்புள் விழுந்திருக்கு?”

“பிறந்த குழந்தைன்னா தொப்புள் இருக்கத்தானே செய்யும்.”

மிச்ச மெழுகைக் குழாயடியில் ஊற்றினான். வடிகால் அடைத்து, வீட்டுக்காரர் குளியலறையில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. அவர் ஈர வேட்டியோடு வந்து நின்று, இனி இந்த வீட்டில் மெழுகு என்ற பேச்சே இருக்கக்கூடாது என்றார். வத்தி நாள் முழுக்கக் கம்பியும் கையுமாகக் குனிந்து கிடந்து வடிகாலைத் திறந்துவிட்டான். கூடவே பழைய அடைப்புகளையும் எடுத்தான். அதில் வீட்டுக்காரர் மனைவியின் தொலைந்துபோன காதுத்தோடும் வந்தது. அன்றைக்கே பின்பக்கத் தாழ்வாரம் அவன் கைக்கு வந்தது. தோட்டை அவன்தான் முன்பே ஒளித்துவைத்தானா என்று அக்கா கேட்டாள். அவன் கம்பியைக் கழுவப் போய்விட்டான்.

தாழ்வாரத்தில் அவன் தொழில் படிந்தது. தண்ணீர் கொதிக்கும் பெரிய பாத்திரத்துக்குள் சின்னப் பாத்திரத்தை வைத்து, அதில் மெழுகை உருக்கினான். பக்கத்தில் எப்போதும் ஒரு மூடி. மெழுகு பற்றினால் மூடவேண்டும், தண்ணீர் ஊற்றினால் வீடே பற்றும். பருத்தி நூலை மூன்று புரியாக அக்கா பின்னிக் கொடுப்பாள். அதை உருகின மெழுகில் முக்கி, இழுத்து நேராகக் காயவைத்தால் திரி. பால்பவுடர் டப்பாவின் உட்புறத்தில் மெல்ல எண்ணெய் தடவி, திரியை நடுவில் நிறுத்தி, அவசரப்படாமல் ஊற்றவேண்டும். ஆறும்போது மெழுகு சுருங்கி நடுவில் குழிவிடும். கொஞ்சம் மெழுகை மிச்சம் வைத்திருந்து மறுபடி ஊற்றினால் தொப்புள் மறைந்துவிடும். ஒவ்வொரு காய்ச்சலிலும் ஒன்றை அவனே எரித்துப் பார்ப்பான். புகைந்தால் திரி தடிமன், மூழ்கினால் திரி ஒல்லி.

செய்யக் கற்றது பாதிதான். பரிசுப்பொருள் கடைக்காரம்மாவிடம் முதல் தடவை போனபோது, “வீட்டுல செஞ்சதா? நான் கம்பெனி சரக்குதான் எடுப்பேன் தம்பி” என்று கையைக் கழுவிவிட்டார். அடுத்த வாரமே அதே மெழுகுவத்திகள் அதே கடைக்குப் போயின. இந்த முறை முகத்தை மழித்து, அக்கா தைத்த வெள்ளைச் சட்டையோடு போனான். அட்டைப்பெட்டி மூடியில் பெரிய சுழியும் வாலுமாக ஒரு கையெழுத்து. “கம்பெனியில இருந்து வரேன் மேடம். எங்க மானேஜர் அனுப்பினார்” என்றான். கடைக்காரம்மா அந்தக் கையெழுத்தை ஒரு பார்வை பார்த்தார். இப்படிச் சுழிப்பவர் சாதாரண ஆளாக இருக்கமுடியாது என்று முடிவுசெய்து, நடு அலமாரியைக் கொடுத்தார்.

சரக்கு போனது. ஆனால் திரும்ப யாரும் வரவில்லை. வத்தி ஆராய்ந்ததில் காரணம் புரிந்தது. அழகாக இருக்கிறதென்று வாங்கிப்போனவர்கள் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

“மெழுகுவத்திக்கு எதிரி காத்து இல்லக்கா, ஷோகேஸ். எரிச்சாத்தான் அடுத்தது வாங்குவாங்க.”

“எரிங்கன்னு போய்க் கெஞ்சுவியா?”

“எதுக்குக் கெஞ்சணும்? உள்ள என்ன இருக்குன்னு அரிப்பு எடுத்தா அவங்களே எரிப்பாங்க.”

அக்காவின் பட்டன் டப்பாவில் ஜோடி சேராத பித்தளைப் பட்டன்கள் கிடந்தன. ஒவ்வொரு மெழுகுவத்தியின் அடிப்பக்கத்திலும், திரிக்குத் தள்ளி ஓரமாக, ஒன்றைப் புதைத்தான். அடியில் என்ன பட்டன் என்று எரித்தால்தான் தெரியும். சிங்க முகமா, நங்கூரமா, வெறும் வட்டமா. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. பல் டாக்டர் தன் காத்திருப்பு அறையில் எப்போதும் ஒன்றை ஏற்றிவைத்தார். சொத்தைப் பல்லோடு வருகிறவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “இந்தத் தடவை நங்கூரம்தான் பாருங்க” என்று பந்தயம் கட்டினார்கள். உள்ளே கூப்பிட்டால், “கொஞ்சம் இருங்க, பட்டன் தெரியுது” என்றார்கள்.

வினை அங்கேதான் வந்தது. ஒருநாள் பித்தளைப் பட்டன் தீர்ந்துபோனது. வாங்கி வருவதற்குச் சோம்பல்பட்டு, தங்க முலாம் பூசின பிளாஸ்டிக் பட்டன்களில் கைக்கு வந்ததை அள்ளினான். பிளாஸ்டிக் என்று தெரிந்தேதான் அள்ளினான். அதில் ஒன்றை ஓரம் பார்க்காமல் திரியின் காலடியிலேயே புதைத்துவிட்டான். அந்த மெழுகுவத்தி கடையிலிருந்து நேராகப் பல் டாக்டரிடம் போனது. டாக்டர் ஒருவர் பல்லைக் குடைந்துகொண்டிருந்தபோது, வெளியே பட்டன் பற்றிக்கொண்டது. கரிந்த நாற்றம் உள்ளே வந்ததும், தன் பல்தான் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்த அந்த மனிதர், கழுத்தில் கட்டின துண்டோடு தெருவில் இறங்கி ஓடினார். டாக்டர் பின்னாலேயே ஓடினார். பிடிக்க முடியவில்லை.

மறுநாள் டாக்டர் பாதி உருகின பட்டனைக் கடைக்காரம்மா மேசையில் வைத்துவிட்டுப் போனார். கடைக்காரம்மா வத்தியைக் கூப்பிட்டார்.

“உங்க மானேஜரை நாளைக்கு இங்க வரச் சொல்லுங்க. அவர் நேர்ல வந்து பதில் சொல்லலைன்னா அலமாரியைக் காலி பண்ணிடுங்க தம்பி. எனக்கு இருக்கிறது ஒரே பேர்.”

அந்த அலமாரி போனால் தொழில் போச்சு. வேறெந்தக் கடையும் அவனை ஏறிட்டுப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தவன் தையல் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“அக்கா, நாளைக்கு ஒரு பத்து நிமிஷம் நீ மானேஜரா இரேன்.”

“போடா.”

“நீ கண்ணாடி போட்டாலே மானேஜர் மாதிரிதான் இருக்கே. ‘வருத்தப்படுறோம், இனி நடக்காது’ன்னு மட்டும் சொல்லு. மீதி நான் பாத்துக்கறேன்.”

“நீயே போய் நான்தான்னு சொல்லேன்.”

“சொன்னா, ஏமாத்துக்காரன்னு அங்கேயே கதை முடிஞ்சிடும்.”

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு, “சரி, வரேன்” என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டதே அவனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கவேண்டும். கிளப்பவில்லை.

மறுநாள் நல்ல புடவை, கண்ணாடி, கையில் ஒரு தோல்பை. உள்ளே இஞ்சு டேப்பைத் தவிர ஒன்றுமில்லை. கடைக்காரம்மா எழுந்து நின்று நாற்காலி போட்டார். வத்தி பெட்டி தூக்கும் ஆள் மாதிரி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“மேடம், இது மறுபடி நடக்காதுன்னு நான் எப்படி நம்பறது? நீங்க எப்படித்தான் செய்றீங்க, சொல்லுங்க.”

தாழ்வாரத்தில் நடக்கும் ஒவ்வொன்றும் அக்காவுக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“முதல்ல மெழுகை நேரா அடுப்புல வெச்சு, தளதளன்னு கொதிக்க விடுவோம்.”

பின்னால் வத்தி இருமினான்.

“கொதிக்கும்போதே வாசனை எண்ணெயை ஊத்திடுவோம். சூட்டுலதான் நல்லா இறங்கும்.”

இருமல் பலமானது.

“திரிக்கு ஏதாவது நூல். எங்ககிட்ட தையல் நூல் நிறைய இருக்கு. மிச்ச மெழுகைக் குழாயடியில ஊத்திடுவோம்.”

“ஐயோ, மேடம்” என்று வத்தி முன்னால் வந்துவிட்டான். “கொதிக்கவிட்டா வாசனை எல்லாம் ஆவியாப் போயிடும். இறக்கி வெச்சு, கொஞ்சம் ஆறி, உறைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஊத்தணும். நேரா அடுப்புல வெச்சா பத்திக்கும். தையல் நூலு மூழ்கிடும், பருத்தியை மூணு புரி பின்னணும். பட்டன் ஓரத்துல இருக்கணும், பித்தளையாத்தான் இருக்கணும்…”

சொல்லிக்கொண்டே போனவன் நடுவில் நின்றான். அக்கா கண்ணாடியைக் கழற்றித் தோல்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“மானேஜரம்மா,” என்றார் கடைக்காரம்மா, “உங்க பெட்டி தூக்கறவருக்கு உங்களைவிட நிறையத் தெரியுதே.”

வத்தி அக்காவைப் பார்த்தான். அவள் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மானேஜரும் இல்ல, கம்பெனியும் இல்ல மேடம்” என்றான். “நான்தான். இவங்க எங்க அக்கா. அன்னைக்குப் பித்தளை தீந்துபோச்சு, பிளாஸ்டிக்னு தெரிஞ்சேதான் போட்டேன்.”

“இத்தனை நாளா உங்க மானேஜருக்கு வணக்கம் சொல்லுங்கன்னு சொல்லி அனுப்பிட்டிருந்தேனே?”

“எல்லாம் ஒழுங்கா வந்து சேந்துது மேடம்.”

கடைக்காரம்மா சிரிக்கவில்லை. எழுந்து போய் நடு அலமாரியிலிருந்து மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைக்குக் கொண்டுவந்தார். வத்தியின் முகம் வெளுத்தது. காலிப் பெட்டியைக் கீழே வைத்துத் திறந்தான். அலமாரி சுத்தமாகக் காலியானதும், அவர் உட்கார்ந்து ஒவ்வொரு மெழுகுவத்தியையும் தலைகீழாக நிறுத்தினார்.

“பிளாஸ்டிக் கலந்த சரக்கு இதுல இருக்கா?”

“அதைப் பூரா நேத்தே எடுத்திட்டேன்.”

“அப்போ பேரை எழுதுங்க. எல்லாத்துக்கும் அடியில. நாளைக்கு ஒண்ணு நாறினா யாரைப் பிடிக்கறதுன்னு எனக்குத் தெரியணும். பேர் இல்லாதது இனி இந்தக் கடையில நிக்காது.”

“மானேஜர் கையெழுத்தே போட்டுடட்டுமா? அழகா இருக்கும்.”

“அந்த ஆள் வேலையை விட்டுப் போயாச்சு” என்றார் கடைக்காரம்மா. அப்போதுதான் அவர் வாய் லேசாகக் கோணியது.

அக்கா முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கி, முதல் மெழுகுவத்தியைக் கையில் பிடித்தான். பழக்கதோஷத்தில் கை பெரிய சுழியைத் தொடங்கியது. அக்கா முழங்கையால் இடித்தாள். சுழியை நகத்தால் தேய்த்து அழித்தான். ஊரார் கையெழுத்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போட்டவன், முதல் எழுத்துக்கே நாக்கைக் கடித்துக்கொண்டான். இரண்டாவது எழுத்து ஏறியும் மூன்றாவது இறங்கியும் போயின. வத்தி இல்லை, அப்பா வைத்த பெயர், முழுசாக.

அக்கா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோணல்தான். பிரித்துத் தைக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அந்த ஒன்றை மட்டும் விற்கக் கொடுக்காமல் தோல்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவன் தன் பெயரை முதன்முதலாக எழுதிய அந்த நாள் 2009 மார்ச் 12, வியாழக்கிழமை.