ஒன்பதாயிரம் கிலோமீட்டர், பக்கத்து சீட்டில்

சக ஓட்டுநர்கள் அவரைக் 'கிலோமீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷமாகச் சரக்கு லாரி ஓட்டுகிறவர். எந்த ஊர்ப் பேரைச் சொன்னாலும் தூரத்தைச் சொல்லிவிடுவார். வழியில் எந்த டயர் கடைக்காரன் தலையில் மிளகாய் அரைப்பான் என்பதையும் சேர்த்து.

அவருடைய ஒரே மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவள். குழந்தை பிறந்ததும் அப்பா அம்மாவுக்கு விமான டிக்கெட் அனுப்பினாள். எவ்வளவு தூரம் என்பதுதான் அவர் முதலில் கேட்டது. ஒன்பதாயிரம் கிலோமீட்டர் என்றாள். லாரியில் என்றால் இருபத்து மூன்று நாள் என்று மனக்கணக்குப் போட்டார். பதினோரு மணி நேரம்தான் என்று அவள் சொன்னதை நம்பாமல், மாப்பிள்ளையை போனுக்குக் கூப்பிட்டு மறுபடியும் கேட்டார்.

ஜன்னலோரம் மனைவிக்கு. விமானம் எழும்பியபோது அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்திப் பார்த்தது. சாப்பாடு முடிந்து ஜன்னல் மூடிகளை இறக்கியதும் சுற்றிலும் குறட்டை கிளம்பிவிட்டது. அவருக்கோ கண் மூடவில்லை. வேறொருவர் ஓட்டும் வண்டியில் அவர் தூங்கியதே கிடையாது. பணிப்பெண்ணை நிறுத்தி, ஓட்டுகிறவர் டீ குடித்தாரா என்று விசாரித்தார். இரண்டு பேர் இருக்கிறார்கள், கவலை வேண்டாம் என்று அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

"நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்," என்றார் மனைவியிடம்.

"என்னத்தப் பாத்துப்பீங்க? ஸ்டியரிங் அங்க இருக்கு."

அவளும் தூங்கவில்லை. மகள் முதல் அடி எடுத்து வைத்த நாளைச் சொன்னாள். கதவுப்பூட்டு கெட்டுப்போய்த் தான் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் குதித்ததைச் சொன்னாள். எல்லாமே அவர் எங்கோ சாலையில் இருந்தபோது நடந்தவை.

"இதெல்லாம் ஏன் சொல்லவே இல்ல?"

"நீங்க வீட்டுக்கு வர்றதே தூங்கத்தானே. எழுப்பி வச்சா கதை சொல்றது?"

அவரும் ஒன்றைச் சொன்னார். ஒருமுறை மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், மண்மேட்டில் ஏற்றி வண்டியை நிறுத்தியிருக்கிறார். வீட்டில் மூச்சு விட்டதில்லை. அவள் அவர் கையை நறுக்கென்று கிள்ளினாள். பிறகு அந்தக் கையை விடவே இல்லை. தரையிறங்கும்போது, பேசிப் பேசி இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது. விமான நிலையத்தில் காத்திருந்த மகள், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று பயந்துபோனாள்.

பேரனை இரண்டு மாதம் கொஞ்சிவிட்டுத் திரும்பினார்கள். வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியதால் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். எரிபொருள் மிச்சம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அதுக்குள்ளயா?" என்றாள் அவள்.

அடுத்த வாரமே அவர் முதலாளியிடம் போய், இனிமேல் போன அன்றைக்கே திரும்புகிற லோடுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். சில நாள் கிளீனர் சீட்டில் அவளும் ஏறிக்கொள்கிறாள். மற்ற ஓட்டுநர்கள் கிண்டல் செய்கிறார்கள். அவர் ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்.