தகட்டில் போட்ட கோடு

நீதிமன்றத்தில் அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர். வைத்தவர் பக்கத்து நாற்காலி குமாஸ்தா. இருபத்தாறு வருடமாகச் சுருக்கெழுத்தர் வேலை. யார் யாரை எதனால் அடித்தார்கள், எத்தனை தடவை, அப்போது கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று சாட்சிகள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். கூண்டில் நிற்பவர் தேம்பினால் பென்சிலை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அழுகையை எப்படி எழுதுவது? மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது காலையில் கேட்டது எதுவும் நினைவில் இருக்காது. குமாஸ்தா முதலில் இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். போகப்போக அவரோடு சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு பைத்தியம் இருந்தது: அச்சுப் படங்கள் சேர்ப்பது. காலண்டர் படம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓவியர் செப்புத் தகட்டில் தன் கையால் கீறி, மை பூசி, இருபதோ முப்பதோ பிரதிகள் மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திடுகிற படங்கள். அதிலும் அவர் வாங்கியது ஒரே ரகம், அதிகாரமும் அடிதடியும். சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்த தடிகள். பெரிய மேஜைக்கு எதிரே கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருக்கும் மனிதன். முகமே இல்லாத தொப்பிக்காரர்கள். பதினேழு படங்கள் சேர்ந்துவிட்டன. ஏன் இதையே வாங்குகிறீர்கள் என்று யாராவது கேட்டால், நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். உண்மை என்னவென்றால், அந்தப் படங்களை வாங்குகிற அன்று மட்டும் உள்ளே ஏதோ லேசாக அசைவதுபோல இருக்கும். வேறெங்கும் அவருக்கு எதுவும் அசைந்ததில்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது?

வாங்கி வந்த பிறகு பழையபடி மரத்துவிடும். அப்புறம் படத்தைப் பார்ப்பதெல்லாம் சேகரிப்புக்காரர்களின் தனிப் பார்வைதான். முதலில் அடி ஓரத்துக் கையெழுத்து, எண், பிறகு காகிதத்தின் விளிம்பு எங்காவது மடங்கியிருக்கிறதா என்பது. பல நாள் கண் அதற்கு மேல் ஏறவே ஏறாது.

வீட்டில் அவரும் தங்கையும்தான். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, ஒற்றைப் பையோடு, காதைப் பொத்திக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றாள். கட்டியவன் அடித்திருந்தான். அண்ணன் பின்னறையை ஒழித்துக் கொடுத்தார். காது டாக்டரிடம் கூட்டிப்போனார். மருந்துக்கடையில் வேலைக்குச் சொல்லிச் சேர்த்துவிட்டார். எதிலும் குறை வைக்கவில்லை. என்ன நடந்தது என்று மட்டும் கேட்கவில்லை. புண்ணைக் கிளறக் கூடாது என்பது அவர் நினைப்பு. அவளோ, கேட்பார், இன்றைக்குக் கேட்பார் என்று முதல் வருடம் முழுக்கப் பார்த்துவிட்டு அப்புறம் விட்டுவிட்டாள். அந்தக் காது இன்றைக்கும் மந்தம்தான்.

போன வாரம் அந்தக் கணவனிடமிருந்து கடிதம் வந்தது. உடம்பு முன்போல் இல்லையாம், திருந்திவிட்டானாம், ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறானாம். தங்கை கடிதத்தை அண்ணன் முன்னால் வைத்தாள். அவர் ஒரு வரி விடாமல் படித்தார்.

"உன் இஷ்டம்மா" என்றார்.

பெருந்தன்மையாக நடந்துகொண்டோம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே வார்த்தை, போகாதே. அது அவர் வாயிலிருந்து வந்தால் அவள் பாட்டுக்கு இருந்துவிடுவாள். தினமும் காலையில் காபியை வைத்துவிட்டு ஒரு நிமிடம் கூடுதலாக நின்று பார்த்தாள். அவர் காபி நன்றாக இருக்கிறது என்றார்.

சனிக்கிழமை அவருக்கு, அந்த மாதிரிப் படங்களை அச்செடுத்து விற்கிற அச்சுக்கார அம்மாவின் பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது. அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பிரதி எடுத்து முடித்ததும், வாங்கியவர்கள் முன்னாலேயே தகட்டின் குறுக்கே ஒரு கோடு கீறி அதைக் கெடுத்துவிடுவார்கள். இருபது பிரதி என்றால் இருபதுதான், இனி யாரும் இருபத்தோராவது எடுக்க முடியாது. மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் வாங்கிய படத்தின் தகட்டுக்கு அன்றைக்கு முறை. தங்கை வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பாளே என்று அவளையும் வரச் சொன்னார்.

பட்டறையில் மை வாடை. மேஜையில் தகடு, அதன் பக்கத்தில் ஒரு இரும்பு ஊசி. வாங்கியவர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். தகட்டில் ஒரு சமையலறை. ஒருவன் பெல்ட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். சுவரோடு ஒட்டி ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாராவது ஒரு கை போடுகிறீர்களா என்று அச்சுக்கார அம்மா விளையாட்டாகக் கேட்டதும் தங்கை முன்னால் போய் ஊசியை எடுத்தாள். அண்ணனுக்கே ஆச்சரியம்.

அவன் தலையில் ஆரம்பித்தாள். நெஞ்சு, கை, பெல்ட் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி இழுத்தாள். செம்பு சுருள் சுருளாக வந்தது. பெண்ணுக்குப் பக்கத்தில் வந்ததும் ஊசியை எடுத்துவிட்டாள்.

குறுக்கே முழுக்கப் போக வேண்டும், பாதியில் விட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக அச்செடுத்துவிடலாம் என்று அச்சுக்கார அம்மா பொறுமையாக விளக்கினார்.

"இவளை எதுக்குக் கிழிக்கணும்?" என்றாள் தங்கை.

அண்ணன் மனதில் அந்த நேரம் ஓடியது ஒன்றே ஒன்றுதான். தன்னிடம் இருப்பது இருபது பிரதிகளில் ஆறாம் எண். தகட்டில் பாதி உயிரோடு இருந்தால் அந்த இருபதுக்கு என்ன அர்த்தம்? ஊசியை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். அவள் விட்ட இடத்தில் வைத்து, பெண்ணின் கை, காது, கன்னம் எல்லாவற்றின் மேலும் ஒரே இழுப்பாக விளிம்பு வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார். ஸ்கேல் வைத்ததுபோல் இருக்கிறது என்று யாரோ பாராட்டினார்கள்.

அவர் நிமிர்ந்தபோது தங்கை தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவரும் பார்த்தார். மூன்று வாரமாக வீட்டில் இருக்கிற படம். அந்தப் பெண் எதைப் பொத்திக்கொண்டிருக்கிறாள் என்பது அதுவரை அவர் கண்ணில் பட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் துணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

"அவன்கிட்டயா போற?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. அவனை வரவேண்டாம்னு சொல்லிடுவேன். கடைக்கு மேல ஒரு ரூம் இருக்கு, அங்க போறேன்."

"அப்ப இங்கயே இருக்கலாமே. போகாதம்மா."

"ஒரு வாரமா இதுக்குத்தான் காத்திருந்தேன். இப்ப என்னால முடியாதுண்ணா."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அன்னிக்கு ரொம்ப வலிச்சுதாம்மா?" என்றார்.

அவள் பையைக் கீழே வைத்தாள். முதல் அடியிலிருந்து சொன்னாள். எதற்காக அடித்தான், எப்படி விழுந்தாள், பக்கத்து வீட்டில் எப்போது ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்கள், எல்லாம் சொன்னாள். நடுவில் அழுதாள், அழுதுகொண்டே சொன்னாள். அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். சொல்லி முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, போய்வருகிறேன் என்று பையோடு படியிறங்கிப் போய்விட்டாள்.

தனக்கும் அழுகை வரும் என்று அவர் கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். வரவில்லை. அரை மணி நேரம் கழித்து, அவள் சொன்னதை நினைத்துப் பார்க்கலாம் என்று முயற்சி செய்தார். ஆரம்பம் நினைவுக்கு வரவில்லை. அப்போதுதான் அவருக்கு முதல்முறையாகத் தன்னைக் கண்டு பயம் வந்தது.