தடித்த சீவல்

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு லேசில் வாய் வராது. ஆனாலும் உண்மையை மறைத்தால் சோறு செரிக்காதே. இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில்தான் வேலை. நான் குடுவை கழுவுகிறேன். அவள் மெழுகில் பதித்த திசுவை இயந்திரத்தில் சீவுகிறாள். சீவல் அவ்வளவு மெல்லிசாக இருக்கும் என்பதால் அங்கே அவளுக்கு 'வெங்காயத்தோல்' என்றே பெயர். அந்தப் பெயரில் அவளுக்குத் தலைக்கனமும் உண்டு.

ஆட்டு மூளைக்கு அடியில் கொண்டைக்கடலை அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியைப் பேராசிரியர் இரண்டு வருடமாக ஆராய்ந்துவந்தார். ஹார்மோன் சுரக்கும் செல்களுக்கு நடுவே, நட்சத்திரம் போலக் கை நீட்டிய செல்கள் சில உண்டு. அந்தக் கைகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்பதுதான் அவர் கேள்வி. மைக்ராஸ்கோப்பில் தெரிந்ததோ வெறும் பழுப்புப் புள்ளிகள். இன்னும் மெல்லிசாக வேண்டும் என்று அவர் கேட்கக் கேட்க, இவளும் சீவித் தள்ளினாள். கடைசியில் எல்லாம் இவள் தலையில் விடிந்தது. சீவல் சரியில்லையாம், திங்கட்கிழமை முதல் இயந்திரத்துக்கு வேறு ஆளாம், இவள் என்னோடு குடுவை கழுவ வேண்டுமாம். இருபது வருட உழைப்புக்கு இதுவா மரியாதை? எனக்கே ஆத்திரம் வந்தது.

அவள் அழவில்லை. பழைய ஸ்லைடுகளை வரிசையாக அடுக்கி, ஒரே ஒரு புள்ளியைப் பின்தொடர்ந்து பார்த்தாள். அடுத்தடுத்த சீவலில் அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருந்தது. உடனே எழுந்து போய் இயந்திரத்தை எட்டு மடங்கு தடிமனுக்குத் திருகினாள். தடிமனாகச் சீவுவது நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் செய்வது.

"என்னக்கா இது, மானம் போயிடும்," என்றேன்.

"போனா போகட்டும்டி."

வெள்ளிக்கிழமை அந்தச் சீவலுக்குச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் கொண்டுபோய் வைத்தாள். பேராசிரியர் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் குனிந்தார். அப்புறம் நிமிரவே இல்லை. குமிழை மேலும் கீழுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"கை இல்லாம இல்லீங்க சார்," என்றாள் அவள். "மெல்லிசா சீவறேன்னு நான்தான் அதைப் புள்ளி புள்ளியா வெட்டிப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

"மெல்லிசா கேட்டது நான்தானேம்மா," என்று அவர் எழுந்து, தன் நாற்காலியில் அவளை உட்காரவைத்தார். அவளுக்குப் பிறகு நானும் எட்டிப் பார்த்தேன். சுரப்பி முழுக்கக் கையோடு கை கோத்து வலையாய்ப் பரவியிருந்தன அந்தச் செல்கள்.

"திங்கக்கிழமை மெஷின்ல யாருங்க சார்?"

"நீங்கதாம்மா. வேற யாரு?"

திங்கட்கிழமை வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? அவள் அப்போதே போய் உட்கார்ந்துவிட்டாள்.